இரண்டு முறை புறப்பட்ட வள்ளம்

இன்று மதியம் என் கைப்பேசிக்கு அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. மகள் போகிற மழலையர் பள்ளியில் புதிதாக ஒரு செயலி வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து. "உங்கள் குழந்தை வேனில் ஏறிவிட்டார்" என்றது முதலாவது. "உங்கள் குழந்தை வேனிலிருந்து இறங்கிவிட்டார்" என்றது அடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வந்தது: "உங்கள் குழந்தை வேனில் ஏறிவிட்டார்."

மூன்றாவது செய்தி வரும்போது குழந்தை என் மடியில்தான் இருந்தாள். என் சேலையில் தயிர்சாதத்தைப் பூசிக்கொண்டிருந்தாள். முதல் செய்தியே எங்கோ சிக்கித் திணறி இரண்டாம் முறையும் வந்து சேர்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், படம் போட்டு அம்புக்குறி வரைந்து விளக்குமளவுக்குத் தெரியும். அதற்கென்று பல்கலைக்கழகம் போய்ப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் வேன் ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பாப்பாவ நாந்தானே ஒங்க கையில குடுத்தேன்?"

"ஆமா தம்பி. சும்மாதான் கேட்டேன்."

"நேத்தும் சும்மாதான் கேட்டீங்க."

வைத்துவிட்டேன். பிறகு, மடியில் கனத்துக்கொண்டிருந்த குழந்தையை நம்பாமல், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வாத்துப் படம் போட்ட இரண்டு சின்னச் செருப்புகள் கிடந்தன. ஒன்று கவிழ்ந்திருந்தது. அவற்றைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு அடங்கியது.

குழந்தையைவிடச் செருப்பை நம்புகிற தாய் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எனக்கு எல்லாச் சந்தேகமும் உண்டு. ஆனால் இந்தச் செருப்பு விஷயத்துக்கு மட்டும் ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசு பட்டால் இயந்திரங்கள் கெட்டுவிடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்தது. எங்கள் காலத்து இயந்திரங்கள் தூசு பட்டுக் கெடுகிற வயதையெல்லாம் தாண்டியவை. இருந்தாலும் வாசலில் நாற்பது சோடிச் செருப்பு கிடக்கும். உள்ளே பாச்சா உருண்டையும், பழைய ஏசியின் பூஞ்சையும், நாற்பது பேரின் வெறுங்காலும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் அலமாரியில் பாச்சா உருண்டை போடும்போது எனக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வின் பயம் வந்துவிடும்.

அங்கேதான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்ற பாடத்தைப் படித்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் கடை வைத்திருந்த அப்பாவுக்கு அதை விளக்க முயன்றது நினைவிருக்கிறது. "பல கம்ப்யூட்டர் தனித்தனியா இருந்துக்கிட்டே ஒரே கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யும்பா" என்றேன். அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டே, "கூட்டுக் குடும்பமா? சரிப்படாது" என்றார். இரண்டு பருவம் படித்த பிறகு நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்குத்தான் வந்தேன்.

கூடவே இன்னொரு பாடம். வலைப்பக்கத்தில் படிவம் போட்டு, அதில் நிரப்புவதைத் தரவுத்தளத்தில் சேர்க்கிற செயலிகளை எழுதுவது. அதில் எனக்கு ஒரு வியாதி. எந்தப் பொத்தானையும் ஒருமுறை அழுத்தி என்னால் சும்மா இருக்க முடியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற சாதி நான். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கினால் மறுபடியும் ஒரு அழுத்து. எங்கள் மேடம் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, அது என்ன காலிங் பெல்லா?" என்பார். என் அட்டவணைகளில் எல்லோரும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தார்கள்.

"ஒரே வேலையைப் பத்து தடவை சொன்னாலும் ஒரு தடவை சொன்ன பலன்தான் இருக்கணும். அப்படி எழுதப் பழகு" என்று மேடம் சொல்வார். அதற்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பெயரை மனப்பாடம் செய்தேன், பழகவில்லை.

அந்த நாற்பது சோடியில் ஒரு சோடியில் மட்டும் எப்போதும் கடல் மணல் ஒட்டியிருக்கும். அது ஸ்டெல்லாவுடையது. தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. அவள் அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். நானோ கடலை விடுமுறைக்கு மட்டும் பார்த்து, கால் நனைத்து, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியவள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எங்கள் இருவரையும் மேடம் சேர்த்துவிட்டார். அகர வரிசையில் அடுத்தடுத்து இருந்தோம் என்பதைத் தவிர வேறு பொருத்தம் இல்லை.

யோசனை ஸ்டெல்லாவுடையது. "எங்க தெருவுல ஏழு வள்ளம். யாரு வந்தா, யாரு வரலன்னு பாக்கதுக்கு எங்கம்மா வெயில்ல கரைக்கும் வீட்டுக்கும் நடக்காங்க. அத ஒரு பக்கத்துல போட்டுட்டா என்ன?"

போட்டோம். வள்ளம் புறப்பட்டால் ஒரு பொத்தான், கரை வந்தால் ஒரு பொத்தான். மூன்று மணிக்குள் வராத வள்ளம் சிவப்பாகும். கடற்கரையில் இணையம் வந்து வந்து போகும் என்பதால் இரண்டு பிரதிகள்: ஒன்று ஸ்டெல்லா வீட்டுப் பழைய மடிக்கணினியில், இன்னொன்று ஆய்வகத்துக் கணினியில். வீட்டில் பதிந்தது வீட்டில் நிற்கும், இணையம் வந்ததும் தானாக ஆய்வகத்துக்கு வந்து சேரும். இந்த இரட்டைப் பிரதியில் எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பயனர் தேவைகள் என்ற தலைப்பில் பதினெட்டுப் பக்கம் எழுதினோம். கரைக்கு நடந்து போய் அம்மா எதைப் பார்ப்பார் என்று ஒரு வரி கேட்கவில்லை.

ஒரு வாரம் உண்மையான தகவலோடு ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் மேடம். மூன்று நாள் நன்றாகவே ஓடியது. நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கு, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிற பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்தேன். ஆறு வள்ளங்கள் புறப்பட்டிருந்தன. ஸ்டெல்லா அப்பாவின் வள்ளத்தை மட்டும் காணோம். கூப்பிட்டேன்.

"ஏளா, அப்பா வள்ளத்தப் போட்டியா?"

"இருட்டோட போட்டுட்டேன்."

"இங்க வரலையே?"

"மத்த ஆறும் வந்து சேந்ததும் கரண்டு போச்சுளா. வந்ததும் தானா வந்து சேரும். அதுக்குத்தான இம்புட்டும் எழுதுனோம்?"

அவள் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் புராஜெக்டின் மொத்தச் சாரமும் அந்த ஒரு பதில்தான். நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். வெளியே எடுத்தேன். வைத்தேன். அவள் மறந்திருந்தால்? தூக்கக் கலக்கத்தில் வேறு வள்ளத்தைப் போட்டிருந்தால்? மேடம் இப்போது பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்? பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் நானே அந்த வள்ளத்துக்கு ஒரு புறப்பாடு பதிந்துவிட்டேன். அன்றைக்கு ஒரே முறைதான் அழுத்தினேன் என்பதை மட்டும் என் சார்பில் சொல்லிக்கொள்கிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஸ்டெல்லாவின் கைப்பேசி ஒருமுறை சிணுங்கி நின்றது. கரை ஏறியதும் அவள் அப்பா கொடுக்கிற மிஸ்டு கால். வகுப்பில் பெஞ்சுக்கு அடியிலேயே "கரை வந்தது" என்று அழுத்தினாள். நண்பகலுக்குள் ஏழு வள்ளமும் கரையில். அதன் பிறகு கச்சான் என்கிற கடுங்காற்று பிடித்துக்கொண்டது. ஆய்வகத்து ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா தேநீர் வாங்கக் கேண்டீனுக்குப் போயிருந்தாள். நான் தனியாகத் திரை முன்னால். அவள் அப்பாவின் வள்ளம் சிவப்பானது.

திறந்து பார்த்தேன். 6.35க்குப் புறப்பட்டது. 11.45க்குக் கரை வந்தது. 12.10க்கு மறுபடியும் புறப்பட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஸ்டெல்லாவைப் பயமுறுத்தக் கூடாது, முதலில் வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்வோம் என்று நினைத்தேன். பொறுப்பான பெண் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். ஆகவே பொறுப்பாக அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பயமுறுத்தினேன்.

"அம்மா, நான் ஸ்டெல்லாகூடப் படிக்கிறவ பேசுறேன். அப்பா வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

"இல்லையே. நானே மார்க்கெட்டுல இருந்து இப்பந்தான் வாரேன். ஏன் கேக்க?"

"சும்மாதாம்மா."

"சும்மா கேக்கதுக்கு ஒங் கொரலு ஏன்ளா நடுங்குது?"

சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் "மாதாவே" என்று ஒரு சத்தம். பிறகு கைப்பேசி எதன் மீதோ விழுந்த சத்தம்.

ஸ்டெல்லா இரண்டு தேநீரோடு வந்து திரையைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடலுக்குள் போனால் பாலித்தீன் உறையில் சுற்றி அணைத்து வைப்பதுதான் அவர் வழக்கம்.

"பன்னெண்டு பத்து எங்கன இருந்து வந்திருக்கு?"

"ஒங்க வீட்டு லேப்டாப்புல இருந்து."

"அப்பாதான் போட்டிருப்பாரு. ஞாயித்துக்கெழம சொல்லிக் குடுத்தேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நண்டு வலை ஒண்ணு உள்ள கெடக்குன்னு சொன்னாரு. அத எடுக்க மறுபடி போயிருக்காரு. இந்தக் காத்துல."

தேநீரை யாரும் குடிக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கரைக்குப் போனோம். வழியில் நான் "ஒண்ணும் இருக்காது" என்று நான்கு தடவையோ ஐந்து தடவையோ சொன்னேன். நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கரையில் அவள் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். மணலில் ஆறு வள்ளம் கிடந்தது. ஏழாவது கிடக்க வேண்டிய இடம் காலி. கணினி சொன்னதை இடமே உறுதிப்படுத்திவிட்டது.

தேடிப் போக மூன்று பேர் ஒரு வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை ஆளுயரத்துக்கு எழுந்து விழுந்தது. "இந்தக் காத்துல போவாதீங்கலே" என்று அதில் ஒருவரின் மனைவி அழுதுகொண்டே கத்தினார். "அவன் அங்கன கெடக்கான், நான் இங்கன நிக்கவா?" என்று அவர் திருப்பிக் கத்தினார். என் பேருந்துப் பயணத்து ஒரே ஒரு அழுத்தலுக்காக மூன்று பேர் கடலுக்குள் போகப் போகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதை இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருப்பிக் கத்தியவர் வள்ளத்தில் ஏறுவதற்கு முன்னால் ஓடிவந்து, கரையில் நின்ற பூவரச மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டார். ஸ்டெல்லாவின் அம்மா அதைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு மரத்தடிக்கு ஓடினார்.

"ஏலே, நில்லுங்கலே! தள்ளாதீங்க! எங்க வீட்டுக்காரரு செருப்பு இங்க இல்ல!"

அந்தக் கரையின் பழக்கம் அது. வள்ளத்தில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். புறப்படும்போது பூவரசடியில் கழற்றிப் போடுவார்கள், திரும்பி வந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். செருப்பு கிடந்தால் ஆள் கடலில். இல்லையென்றால் ஆள் கரையில். வெயிலில் நடந்து வந்து அம்மா இத்தனை வருடமாகப் பார்த்தது அதைத்தான். நான் பயமுறுத்திய அன்றைக்கு மட்டும் பார்க்க மறந்துபோனார். ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும். சோறு கையால் தின்பதுபோல அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருந்ததால், பதினெட்டுப் பக்கத்தில் எழுதத் தோன்றவில்லை.

எல்லோரும் மரத்தடியைப் பார்த்தார்கள். மற்ற இருவரும் வெறுங்காலோடு ஓடிவந்தவர்கள், சற்றுமுன் கழற்றிய ஒரு சோடி மட்டும் கிடந்தது. அவள் அப்பாவுடையது நீல வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியது. ஊரே அறியும். அது இல்லை. அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் ஒரு பொட்டலத்தோடு அவள் அப்பா வந்தார். வள்ளத்து இஞ்சின் மக்கர் செய்ததால், கரை ஏறிய கையோடு மெக்கானிக் அதைத் தன் வள்ளத்தில் கட்டி அடுத்த துறைக்கு இழுத்துப் போயிருக்கிறார். இவர் பாகம் வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார். கைப்பேசி பாலித்தீன் உறைக்குள் அப்படியே அணைந்து கிடந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவர் ஓடத் தொடங்கினார்.

"எந்த வள்ளம்லே வரல?"

யாரும் சொல்வதற்குள் அவர் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தேடிப் போகிறவர்களோடு சேர்ந்துகொள்ளப் பூவரசடியில் ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அதக் கழத்துனீரு, கால ஒடிச்சுப்புடுவேன்!" என்றார் அம்மா. "ஒம்ம வள்ளந்தான் வரல. நீரு கடலுக்குள்ள கெடக்கீருன்னு இந்தப் பிள்ள கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு காலில் செருப்போடு நின்று கொஞ்சம் யோசித்தார். "அப்பம் நான் யாரு?" என்றார்.

கரை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஸ்டெல்லாவைப் பார்க்கும் வரை. அவள் கைப்பேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"நான் போட்டது இருட்டோட. இந்த ஆறு முப்பத்தஞ்சு யாரு போட்டது?"

"நான்தான். பஸ்ஸுல."

"போட்டுட்டேன்னு சொன்னேம்லா?"

"இல்ளா, ஒருவேள கம்ப்யூட்டர்ல சேராம போயிருந்தா..."

"கம்ப்யூட்டர நம்பாட்டி பரவால்ல. நீ என்னைய நம்பல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள்.

12.10 என்பது என்ன என்று மறுநாள் கண்டுபிடித்தோம். அதுதான் அவள் இருட்டோடு பதிந்த புறப்பாடு. மின்சாரம் வந்த பிறகு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என்னுடைய 6.35 அங்கே முன்பே இருந்ததால்தான் அது இரண்டாவது புறப்பாடு போலத் தெரிந்தது. வந்து சேர்ந்த நேரத்தையே புறப்பட்ட நேரமாக எழுதும்படி நிரல் எழுதியிருந்தது யார் என்று கேட்காதீர்கள். "மெசேஜ் லேட்டா வந்தா, நடந்ததும் லேட்டாத்தான் நடந்துச்சுன்னு அர்த்தமா?" என்று மேடம் முதல் வகுப்பிலேயே கேட்டிருந்தார். "இல்லை மேடம்" என்று வகுப்பிலேயே உரக்கச் சொன்னவளும் நான்தான். நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடுகூட இட்டிருந்தேன். இரண்டு கோடு.

வைவாவில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ஒரே பதிவு ரெண்டு தடவை வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். வாயில் நுழையாத பெயரைச் சொல்லப் போய்ப் பாதியில் நாக்கு சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் செருப்பைச் சொன்னேன். "ஒரு ஆள் ஒரு சோடிச் செருப்பை ரெண்டு தடவை கழற்றிப் போட முடியாது சார். எத்தனை பேர் எத்தனை தடவை வந்து பாத்தாலும் ஒரு சோடிதான் கிடக்கும்." அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, செருப்பை எவனாவது திருடிட்டுப் போயிட்டா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிற நான் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. இரண்டு வாரமாக என்னிடம் தேவைக்கு மேல் பேசாத ஸ்டெல்லா பக்கத்திலிருந்து சொன்னாள்:

"கடலுக்குப் போனவன் செருப்ப எங்க கரையில எவனும் தொட மாட்டான் சார்."

நல்ல மதிப்பெண்தான் போட்டார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது மன்னிப்பா, அல்லது செருப்பு மாட்டுவதற்கு ஒரு பிடிமானமா என்று வருடக்கணக்காக யோசித்தேன். போன கிறிஸ்துமஸுக்கு அவள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது கேட்டும்விட்டேன். "நீ இன்னும் திருந்தலையாளா?" என்றாள். அது பதிலா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பயணத்தில்தான் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போனோம். ஆய்வகம் இருந்த அறை இப்போது தேர்வுத்தாள் அடுக்கும் கிடங்கு என்று கேள்விப்பட்டிருந்தேன், அதற்கு நான் அவ்வளவு வருந்தவில்லை. கரையும் அதே கரையாக இல்லை. பூவரசு நின்ற இடத்தில் சிமெண்டுத் தளம். வள்ளங்களுக்குப் பதில் பைபர் படகுகள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், எங்கள் பக்கத்தைவிட நல்ல பக்கங்கள் வந்துவிட்டன. எல்லோரும் பைக்கில் வருகிறார்கள். செருப்பை பைக்கின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள்.

அவள் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி நான்கைந்து வருடமாகிறது. பேசிக்கொண்டே வந்தவர் தளத்தின் விளிம்பில் நின்று, பழக்கத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் வரை நடந்து போனார். ஸ்டெல்லாவும் என் மகளும் அவர் பின்னால் போனார்கள். நான் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று.

கரை நெடுகப் பார்த்தேன். கிடந்தது அந்த ஒரு சோடி மட்டும்தான். மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.